அமெரிக்காவில் வரலாற்று பிஎச்.டி. சேர்க்கை: முடிவுகள் எப்படி உருவாகின்றன

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வரலாற்றில் பிஎச்.டி. செய்ய விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். உங்கள் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு உட்காரும் குழு, "இவர் நல்ல ஆய்வாளரா?" என்று மட்டும் கேட்பதில்லை. இந்த ஆண்டு நம்மிடம் எத்தனை இடம் இருக்கிறது, அதில் தெற்காசியாவுக்கு ஒன்று தர முடியுமா, தந்தால் இவரை வழிநடத்த யார் இருக்கிறார், ஐந்து ஆண்டுக்கு மேல் இவருக்குப் பணம் கொடுக்க முடியுமா என்றும் கேட்கிறது. நீங்கள் பதில் சொல்லக்கூடியது முதல் கேள்விக்கு மட்டும்தான். மற்றவை உங்கள் கையில் இல்லை.

இது எனக்குப் புரிய இரண்டு சேர்க்கைப் பருவங்கள் ஆயின. மலாயா ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து போன தொழிலாளர்கள் பற்றி ஆய்வு செய்ய விரும்பினேன். முதல் பருவத்தில் ஒரு துறை என்னைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்தது. மற்ற எல்லா இடத்திலிருந்தும் மறுப்பு. ஏப்ரல் நடுவில் அந்தப் பட்டியலும் மூடப்பட்டது. அடுத்த பருவத்தில் முழு நிதியுதவியோடு இடம் கிடைத்தது. இரண்டு பருவங்களுக்கும் இடையில் என் மதிப்பெண்ணும் மாறவில்லை, பட்டமும் மாறவில்லை. விண்ணப்பத்தோடு தரும் என் நோக்க அறிக்கை மாறியது. எனக்கு இடம் தந்த துறையில் நீண்ட விடுப்பில் இருந்த ஒரு பேராசிரியர் திரும்பி வந்திருந்தார். இதில் எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் இல்லாமல் அது நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மாணவனாகச் சேர்ந்த பிறகு, புதிதாக இடம் கிடைத்தவர்கள் துறையைப் பார்க்க வரும் நாட்களில் அவர்களைக் கவனிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அப்போது பேராசிரியர்களிடம் பேசிப் பேசித்தான் உள்ளே நடப்பது தெரிந்தது. துறைக்குத் துறை வேறுபாடு உண்டு. ஆனால் பொதுவாக இப்படித்தான் போகிறது: ஒவ்வொரு ஆண்டும் சில பேராசிரியர்களைக் கொண்ட ஒரு குழு அமையும். ஒருவர் ஐரோப்பிய வரலாறு, ஒருவர் லத்தீன் அமெரிக்கா, ஒருவர் அமெரிக்க வரலாறு என்று கலந்து இருப்பார்கள். அடுத்த ஆண்டு குழு மாறிவிடும். நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வரும். பெரிய துறைகளே பத்துப் பதினைந்து பேரைத்தான் சேர்க்கும். பல இடங்களில் ஐந்தாறு பேர்தான். தெற்காசியா சார்ந்த விண்ணப்பங்களை முதலில் அந்தப் பிரிவின் பேராசிரியர்கள் படித்து, தங்களுக்கு வேண்டியவர்களைச் சொல்வார்கள். அதன்பின் எல்லாப் பிரிவுகளின் குறும்பட்டியல்களும் ஒரே மேசைக்கு வரும். உண்மையான வாதம் அங்கேதான் நடக்கிறது.

அந்த மேசையில் உங்களுக்காகப் பேச ஒருவராவது இருக்க வேண்டும். அவர் பேசுவதைக் கேட்கப்போகிறவர்கள் கங்காணி (தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போனவர்) என்றால் யாரென்றே தெரியாதவர்கள். எனவே உங்கள் விண்ணப்பம் ஒரே நேரத்தில் இரண்டு வகை வாசகருக்குப் போய்ச்சேர வேண்டும்: துறை நுணுக்கம் தெரிந்த ஒருவர் அதில் குறை காணக்கூடாது, இடைக்கால பிரான்ஸ் பற்றி ஆய்வு செய்யும் ஒருவருக்கும் அது ஏன் முக்கியம் என்று புரிய வேண்டும். இதை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நேரம் மிச்சமாகியிருக்கும்.

போன ஆண்டு தெற்காசியாவுக்கு இரண்டு பேரை எடுத்திருந்தால், இந்த ஆண்டு அந்தப் பிரிவுக்கு இடமே இல்லாமல் போகலாம். நீங்கள் குறிவைத்த பேராசிரியர் ஓய்வுபெறப் போகிறவராக இருக்கலாம், வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகும் பேச்சில் இருக்கலாம். இதெல்லாம் துறையின் இணையதளத்தில் இருக்காது. கேட்டால்தான் தெரியும், கேட்கலாம். ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கைந்து வாக்கியம் போதும்: நீங்கள் யார், என்ன கேள்வியை ஆராய விரும்புகிறீர்கள், அவருடைய எந்த ஆய்வோடு அது தொடர்புடையது, வரும் ஆண்டில் புதிய மாணவர்களை எடுக்கும் எண்ணம் அவருக்கு இருக்கிறதா. எனக்கு வந்த பதில்களில் ஒருவர், தான் இனி மாணவர்களை எடுப்பதில்லை என்று நேரடியாகச் சொன்னார். அந்த ஒரு வரியால் ஒரு விண்ணப்பக் கட்டணமும் பல வார உழைப்பும் மிச்சம். இன்னொருவர், தன்னைவிட என் தலைப்புக்கு நெருக்கமான வேறொருவரின் பெயரைச் சொன்னார். பதிலே வராத இடங்களும் உண்டு. செப்டம்பரில் அவர்கள் அஞ்சல்பெட்டி எப்படி இருக்கும் என்று இப்போது தெரிவதால், அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன். உற்சாகமான பதில் வந்தாலும் அது வாக்குறுதி ஆகாது. அவர் குழுவில் ஒரு குரல்தான்.

இனி நோக்க அறிக்கை. எஸ்.ஓ.பி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் இரண்டு பக்கம், ஆயிரம் சொல் அளவு. முதல் பருவத்தில் நான் எழுதியது ஒரு தலைப்பைச் சொன்னது: மலாயாவுக்குத் தமிழர் குடிபெயர்வு. இரண்டாம் பருவத்தில் எழுதியது ஒரு கேள்வியைச் சொன்னது. மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுக்கு வந்தது. 1938-இல் இந்திய அரசு, பயணச் செலவுக்கு உதவிபெற்றுப் போகும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. இடையில் உள்ள ஆண்டுகளில் கங்காணிகள் ஊருக்கு வந்து ஆள் சேர்த்துக் கூட்டிப்போனார்கள். சட்டப்படி அந்தத் தொழிலாளர் கட்டுண்டவர் அல்லர், ஆனால் கங்காணி கொடுத்த முன்பணம் இருந்தது. அந்தக் கடனைத் தொழிலாளர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள்? அதைப் பற்றி யாரிடம் முறையிட்டார்கள், எந்தச் சொற்களில் முறையிட்டார்கள்? இதுதான் என் கேள்வி.

கேள்வி வந்ததும் மற்றவை தாமாக வரிசையாகின. எந்தச் சான்றுகளை வைத்து இதற்குப் பதில் தேட முடியும்? 1922-இன் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு மலாயாவில் இருந்த இந்திய அரசின் முகவர் எழுதிய ஆண்டறிக்கைகள், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கோப்புகள், கோலாலம்பூரில் மலேசிய தேசிய ஆவணக் காப்பகம், லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். இவற்றில் எதை ஏற்கனவே பார்த்திருக்கிறேன், எதை இனிமேல் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். "சுதந்திரமான" உழைப்பு, கட்டுண்ட உழைப்பு என்று வரலாற்றாசிரியர்கள் செய்துவரும் விவாதத்தில் என் கேள்வி எங்கே நுழைகிறது என்று ஒரு பத்தி. அப்புறம், ஏன் இந்தத் துறை என்று ஒரு பத்தி. அதில் ஒரு பேராசிரியரை மட்டும் குறிப்பிடாமல், தெற்காசியாவில் ஒருவர், தென்கிழக்காசியாவில் ஒருவர், உழைப்பு வரலாற்றில் ஒருவர் என்று சொல்ல முடிந்தது. ஒருவர் போய்விட்டாலும் மாணவர் அநாதையாகி விடமாட்டார் என்ற நம்பிக்கை குழுவுக்கு வர வேண்டும். அந்த நம்பிக்கை உங்களுக்கும் வேண்டும்.

மொழி பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம்மவர்கள் பலர் விண்ணப்பத்தில் தமிழை ஆய்வுமொழியாகக் குறிப்பிடுவதே இல்லை. தாய்மொழிதானே என்று விட்டுவிடுகிறார்கள். வரலாற்று பிஎச்.டி.யில் மொழித்தகுதி முதன்மையானது. பல துறைகளில் ஆங்கிலம் தவிர ஒன்று அல்லது இரண்டு மொழிகளில் தேர்வு எழுதித் தேற வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்களைச் சரளமாகப் படிக்க முடியும், கையெழுத்து மனுக்களைப் படித்துப் பழக்கம் உண்டு, ஓலைச்சுவடி படிக்கத் தெரியும் என்றால், எது உண்மையோ அதைத் துல்லியமாக எழுதுங்கள். வேறொருவர் வருடக்கணக்கில் கற்க வேண்டியது உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. கூடவே, உங்கள் ஆய்வுக்கு வேண்டிய அடுத்த மொழியைத் தொடங்கிவிட்டதாகவும் காட்டுங்கள். நான் மலாய் கற்கத் தொடங்கியிருந்தேன். தொடக்கநிலை என்றே எழுதினேன்.

எழுத்து மாதிரி என்று இருபது, இருபத்தைந்து பக்கம் கேட்பார்கள். முதுகலை ஆய்வேட்டில் எந்தப் பகுதி நன்றாக வந்திருக்கிறது என்று பார்ப்பதைவிட, எந்தப் பகுதியில் நீங்களே மூல ஆவணங்களைக் கையாண்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். முன்னாய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் அத்தியாயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்களைக் காட்டாது. ஒரு கோப்பில் இருக்கும் ஒரு மனுவை நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள், எங்கே சந்தேகப்படுகிறீர்கள், எதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறீர்கள் என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். நடுவிலிருந்து எடுத்த அத்தியாயம் என்றால் முன்னால் அரைப் பக்கத்தில் பின்னணி சொல்லிவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதங்கள் மூன்று வேண்டும். இந்த இடத்தில் இந்தியாவில் படித்தவர்கள் பலர் நியாயமில்லாமல் பின்தங்கிப் போகிறார்கள். நம் பேராசிரியர்கள் அன்போடுதான் எழுதுகிறார்கள். "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, வகுப்புக்குத் தவறாமல் வருபவர்" என்று எழுதுகிறார்கள். அமெரிக்கக் குழுவுக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைப்பதில்லை. அவர்கள் எதிர்பார்ப்பது வேறு: இந்த மாணவர் எந்த ஆவணத்தைக் கண்டெடுத்தார், எந்தக் கருத்தரங்கில் என்ன கேள்வி எழுப்பினார், தான் வழிநடத்திய மாணவர்களில் எந்த இடத்தில் நிற்கிறார். கடிதத்தை மாணவரே எழுதிக்கொண்டு வரச் சொல்லும் வழக்கமும் நம் பக்கம் உண்டு. அதற்கு இணங்க வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு குறிப்பு தயார்செய்து கொடுங்கள்: அவரிடம் என்ன படித்தீர்கள், அவர் திருத்திய கட்டுரை, உங்கள் நோக்க அறிக்கை, எந்தத் துறைகள், கெடு நாட்கள். நான் என் நெறியாளரிடம், "சார், அந்த ஆவணக் காப்பக வேலை பற்றி நீங்கள் நேரில் பார்த்ததை எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்" என்று கேட்டேன். அவர் அதையே ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதினார் என்று பின்னால் அறிந்தேன். பல்கலைக்கழக அமைப்பிலிருந்து கடிதம் கேட்டு வரும் மின்னஞ்சல் பலமுறை ஸ்பாம் பெட்டிக்குள் போய்விழும், எனவே போய்ச்சேர்ந்ததா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தேர்வுகள் பற்றிச் சுருக்கமாக: பல வரலாற்றுத் துறைகள் இப்போது ஜி.ஆர்.இ. என்ற பொதுத் தகுதித் தேர்வைக் கேட்பதில்லை. ஆங்கில வழியில் பட்டம் பெற்றவர்களுக்கு டோஃபல் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குத் தரும் இடங்கள் உண்டு. விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் நூறு டாலரை ஒட்டி இருக்கும். கட்டண விலக்கு வழி இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

கெடு பெரும்பாலும் டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஜனவரி தொடக்கம் வரை. சில துறைகள் ஜனவரியில் குறும்பட்டியலில் உள்ளவர்களை ஜூமில் நேர்காணல் செய்யும். ஜனவரிக் கடைசியிலிருந்து முடிவுகள் வரத் தொடங்கும். இடம் கிடைத்தவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் துறையின் மேல்படிப்பு இயக்குநரிடமிருந்தோ வருங்கால நெறியாளரிடமிருந்தோ மின்னஞ்சல் வரும். முறையான கடிதம் பல்கலைக்கழகத்தின் மேல்படிப்புப் பள்ளியிலிருந்து பிறகு வரும். மறுப்புகளோ மெதுவாக வரும், சில இடங்களில் மார்ச் கடைசி வரைகூட. ஒரு துறை சிலருக்கு இடம் கொடுத்துவிட்டது என்று கேள்விப்பட்டும் உங்களுக்கு எதுவும் வரவில்லை என்றால், மறுப்பாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்ட வேண்டாம். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கும் அந்த நாட்களில் எந்தச் செய்தியும் வராமல் இருக்கலாம். அந்த வாரங்களில் எனக்கு உதவியது ஆவணக் காப்பகத்துக்குத் தினமும் போனதுதான். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தக் குறிப்புகள் என்னுடையவை.

காத்திருப்புப் பட்டியல் என்பது பெரும்பாலும் ஒரே வரிசை அல்ல. தெற்காசியாவுக்கு இடம் பெற்ற ஒருவர் வேறு இடம் போனால், அந்த இடம் இன்னொரு தெற்காசிய மாணவருக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். எனவே "நான் எத்தனையாவது?" என்று கேட்பதைவிட, "என் பிரிவில் இடம் காலியாக வாய்ப்பு இருக்கிறதா?" என்று கேட்பது பயன்தரும். இடம் வந்தால் நிச்சயம் ஏற்பேன் என்பது உண்மையானால், ஒருமுறை தெளிவாக எழுதிச் சொல்லுங்கள். அதற்குமேல் வாராவாரம் எழுத வேண்டாம்.

பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தவருக்கு, கட்டணம் செலுத்திப் படிக்கும் முதுகலை இடம் தருவதாக வரும் கடிதமும் உண்டு. அது வந்தபோது என் நண்பர் ஒருவர் மகிழ்ந்துபோனார். அதன் மொத்தச் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தபின் வேண்டாம் என்று எழுதிவிட்டார். அது சரியான முடிவு. நிதி இல்லாத பிஎச்.டி. இடத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். வரலாற்றில் பட்டம் முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆவது சாதாரணம். அத்தனை ஆண்டுகளைக் கடன்வாங்கி ஓட்டக்கூடாது. அமெரிக்காவில் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான வரலாற்று விளம்பரங்கள் 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கடுமையாகக் குறைந்தன. அந்தப் பழைய நிலை திரும்பவில்லை. இது தெரிந்தேதான் நானும் வந்தேன். உழைப்புக்குச் சம்பளம் தரும் இடமாக இருந்தால் மட்டுமே வருவது என்று முடிவு செய்துகொண்டு வந்தேன்.

நல்ல செய்தி வந்தால், அந்தக் கடிதத்தை ஓர் ஆவணத்தைப் படிப்பதுபோலப் படியுங்கள். "ஐந்து ஆண்டு உத்தரவாதம்" என்றால் ஒன்பது மாதச் சம்பளமா, பன்னிரண்டு மாதமா? கோடைக்காலத்துக்குத் தனியாகப் பணம் உண்டா? கல்விக் கட்டணம் தள்ளுபடி என்று எழுதியிருந்தாலும், மாணவர் கட்டணங்கள் என்ற பெயரில் பருவத்துக்குப் பருவம் ஒரு தொகை பிடிக்கிறார்களா? மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுகிறார்கள்? எத்தனை ஆண்டு பாடம் நடத்த உதவ வேண்டும், எத்தனை ஆண்டு அது இல்லாமல் ஆய்வு மட்டும் செய்யலாம்? ஆவணக் காப்பகங்களுக்குப் போகும் செலவுக்கு நிதி உண்டா? ஆறாம் ஆண்டு என்ன ஆகும்? இவற்றில் கடிதம் சொல்லாததை எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டு மாணவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்க அரசின் ஃப்ளாஸ் மொழிக் கல்வி உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே தரப்பட்டுவந்தது. துறை அதைக் கணக்கில் வைத்துப் பேசினால் உங்களுக்கு அது பொருந்தாது. விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தில் நிதி எவ்வளவு என்று காட்ட வேண்டும் என்பதால், தொகை தெளிவாக இருப்பது உங்களுக்கு இரட்டிப்புத் தேவை.

ஏப்ரல் 15 என்ற நாளை நினைவில் வையுங்கள். மேல்படிப்புப் பள்ளிகளின் பேரவை (Council of Graduate Schools) வெளியிட்டிருக்கும் தீர்மானத்தில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. அதன்படி, நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு அந்த நாளுக்கு முன் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மாணவருக்கு இல்லை. யாராவது மார்ச்சிலேயே முடிவு கேட்டு அவசரப்படுத்தினால், பணிவாக இதைக் குறிப்பிட்டு அவகாசம் கேட்கலாம். அதே நேரம், போகப்போவதில்லை என்று உறுதியான இடத்தை அன்றே விட்டுவிடுங்கள். எங்கோ ஒருவர் அந்த ஒரு இடத்துக்காகக் காத்திருக்கிறார். நானும் அப்படி ஏப்ரல் நடுவரை காத்திருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

துறையைப் பார்க்கப் போகும் நாட்களில், அல்லது ஜூமில், இப்போது படிக்கும் மாணவர்களோடு பேராசிரியர்கள் இல்லாத நேரத்தில் பேசுங்கள். நெறியாளரிடம் அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வரும்? பாதியில் விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள்? இந்தச் சம்பளத்தில் இந்த ஊரில் வாடகை கொடுத்து வாழ முடிகிறதா? என்னிடம் இப்படிக் கேட்டவர்களுக்கு மறைக்காமல் பதில் சொன்னேன். பெரும்பாலான மாணவர்கள் சொல்வார்கள். ஒரு நெறியாளரைப் பற்றிக் கேட்டதும் எல்லோரும் பேச்சை மாற்றினால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது விண்ணப்பிக்க இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அந்தத் துறை இந்த ஆண்டு சேர்க்கை நடத்துகிறதா என்பதை. கோவிட் காலத்தில் பல மானுடவியல் (ஹ்யூமானிட்டீஸ்), சமூக அறிவியல் துறைகள் ஓராண்டு சேர்க்கையை நிறுத்தின. 2024 நவம்பரில் பாஸ்டன் பல்கலைக்கழகம் வரலாறு உட்பட ஒரு டஜன் துறைகளில் அடுத்த ஆண்டுக்கான பிஎச்.டி. சேர்க்கையை நிறுத்திவைத்தது. 2025-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கலை, மானுடவியல் புலத்தில் பல துறைகள் அதையே செய்தன. ஹார்வர்டின் கலை, அறிவியல் புலம் பிஎச்.டி. இடங்களைப் பெருமளவு குறைத்தது. இப்படிப்பட்ட ஆண்டில் வரும் மறுப்பு உங்கள் ஆய்வைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த இடமே அங்கே இல்லாமல் போயிருக்கலாம்.

மறுபடி விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு: குழுவிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் பொதுவான பதில்தான் வரும். முன்பு உங்களோடு பேசிய பேராசிரியரிடம் மே, ஜூனில் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒருவர், "உங்கள் மேல் எங்களுக்கு விருப்பம் இருந்தது, இந்த ஆண்டு எங்கள் பிரிவுக்கு இடம் இல்லை" என்று இரண்டு வரி எழுதினார். இரண்டாம் முறை வரும் விண்ணப்பத்தை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை என்று எங்கள் துறையில் கேட்டு அறிந்தேன். ஆனால் அதே கோப்பு அப்படியே வரக்கூடாது. கோடையிலேயே ஒரு புது ஆவணத் தொகுதியைப் பாருங்கள், நோக்க அறிக்கையின் கேள்வியை அதை வைத்துக் கூர்மையாக்குங்கள், எழுத்து மாதிரியை மாற்றுங்கள். பரிந்துரை எழுதியவர்களிடம் முடிவைச் சொல்லிவிட்டு, புதிய வேலையைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். செப்டம்பரில் அந்தப் பேராசிரியருக்கு மீண்டும் எழுதும்போது, போன ஆண்டிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்பதை முதல் இரண்டு வரியிலேயே சொல்லுங்கள்.